சத்தம் குறைந்த பாட்டுப்பெட்டி

ஜனவரி 9

டேய்,

நலம் விசாரிக்க இந்தக் கடிதம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ உருகிப் போக வேண்டாம். உன் அத்தான் போன துக்கம் ஆறுவதற்குள் "கடைய வித்துட்டு எங்க வீட்டு மாடிக்கு வந்துடு" என்று சொன்னாயே, அந்தக் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவ்வப்போது தூசி தட்டி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். கடையில் அலமாரி மாதிரி நிற்கிற, காசு போட்டால் பாடும் பாட்டுப்பெட்டிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஜலதோஷம் பிடித்தவன் கம்பளிக்குள் இருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது. காலையில் காபிக்கு வருகிற டாக்ஸிக்காரர்கள் சிரிக்கிறார்கள். சமையலம்மா தானே பாடிக்காட்டுவதாக மிரட்டுகிறாள். ஊசியை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. அப்படியானால் ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ்தான் போய்விட்டது. அப்பாவின் பட்டறையில் நீ தொட்டிலில் கிடந்தபோதே ஸ்க்ரூ டிரைவர் பிடித்தவள் நான். ஆனால் இப்போது சந்தையில் எது நல்லது, எது குப்பை என்று எனக்குத் தெரியாது. அது உன் தொழில்.

எதை வாங்குவது என்று மட்டும் எழுது. அறிவுரை வேண்டாம்.

அக்கா

பி.கு. மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். தனி ஆள், வயது ஐம்பது இருக்கும். குரலே வெளியில் கேட்காத மனிதர். தனியாக இருக்கிறேன் என்று இனி நீ கவலைப்படத் தேவையில்லை.


ஜனவரி 17

அக்கா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் என் மனைவி பயந்துவிட்டாள். "யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்றாள். கார்ட்ரிட்ஜுக்கு என்றேன்.

நீ கண்டுபிடித்தது சரி. உன் பெட்டியில் இருப்பது கிரிஸ்டல் வகை. அதன் உள்ளே இருப்பது உப்புப் படிகம், ஈரம் பட்டால் கஞ்சியாகிவிடும். காபி மெஷினுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததே அதிகம். பழைய சரக்கில் அதே கிரிஸ்டல் கிடைக்கிறது, வாங்கிவிடாதே. பிரிக்காத டப்பாவாக இருந்தாலும் உள்ளே செத்துத்தான் கிடக்கும். காந்த வகை ஒன்று உண்டு. ஒலி சுத்தம். ஆனால் அது தருகிற மின்சாரம் கொசுக்கடி அளவுதான். நடுவில் தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைக்காவிட்டால் உன் பெட்டி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது.

உனக்குப் பொருந்துவது செராமிக். கிரிஸ்டலைப் போலவே உரக்கக் குரல் கொடுக்கும், ஈரத்துக்கும் அசையாது. அதிலும் மோனோ மட்டும் வாசிக்கிற பழைய ரகத்தில் ஊசி மேலும் கீழும் அசையாது, உன்னிடம் இருக்கிற புது ரெக்கார்டுகளை உழுது தள்ளிவிடும். அதனால் ஸ்டீரியோ ரகம் ஒன்றை, இரண்டு பக்க ஒயர்களையும் சேர்த்துப் பற்றவைத்து அனுப்புகிறேன். அது புரட்டுகிற வகை. ஒரு பக்கம் சின்ன ரெக்கார்டுக்கான மெல்லிய ஊசி, மறுபக்கம் பழைய பெரிய தட்டுக்கான தடித்த ஊசி. உனக்கு மெல்லியது. தடித்ததைத் தவறியும் திருப்பிவிடாதே, பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே பிறாண்டும். ஊசி துள்ளுகிறதென்று அதைத் தாங்கும் கையின் மேல் காசு வைப்பவர்களை அப்பா என்ன செய்வார் என்று உனக்கே தெரியும். அடி வாங்கியவன் நான்.

அறிவுரை வேண்டாம் என்றாய். சரி. மாடி அறைக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?

தம்பி


பிப்ரவரி 4

டேய்,

பார்சல் வந்தது. அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

மாடி அறைக்காரர் கீழே வந்து நான் பெட்டியின் முதுகைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். "நீங்க எதுக்கும்மா சிரமப்படணும்?" என்று சொல்லி, தன் துணிப்பெட்டியில் இருந்து ஒரு கார்ட்ரிட்ஜை எடுத்துவந்து மாட்டிவிட்டார். காந்த வகை. நீ எழுதியிருந்ததைச் சொன்னேன். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் சத்தம் வராதாமே என்றேன்.

"வரும்மா, மெதுவா வரும். கடைன்னா நாலு பேர் பேசுறது கேக்கணும். கத்துற பெட்டி எதுக்கு?" என்றார்.

இப்போது பாட்டு பக்கத்துத் தெருவில் இருந்து வருவது போல இருக்கிறது. முதலில் ஒரு மாதிரி இருந்தது, பழகிவிட்டது. மரியாதையான இடம் போல இருக்கிறது கடை. உன் செராமிக்கை டப்பாவோடு கல்லாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

சமையலம்மா அவருக்குக் கைக்குட்டை என்று பெயர் வைத்துவிட்டாள். எதைத் தொட்டாலும் துடைக்கிறார். கோப்பையைத் துடைக்கிறார், கதவுப் பிடியைத் துடைக்கிறார், ரெக்கார்டை எடுத்தால் குழந்தைக்கு முகம் துடைப்பது போலத் துடைத்து வைக்கிறார். பகல் முழுவதும் மூலை மேஜையில் ஒரு காபியோடு உட்கார்ந்திருப்பார். டாக்ஸிக்காரர்களில் ஒருவரின் மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாளாம், எதிர்ச் சலவைக்கடைக்காரிக்கு உடம்பில் ஏதோ கட்டியாம். இவ்வளவு நாள் கடை நடத்துகிறேன், எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவு அக்கறை.

என்ன வேலை என்று கேட்டாயே, ஓய்வு பெற்றவராம். எதில் இருந்து என்று நான் கேட்கவில்லை. உன்னைப் போல விசாரணை நடத்த எனக்கு வராது.

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

அந்தப் பெட்டி முப்பது பேர் இருக்கிற கடையை நிரப்புவதற்காகச் செய்தது. அதில் காந்த கார்ட்ரிட்ஜை நேராக மாட்டினால் சத்தம் மட்டுமல்ல, அடித்தொனியும் போய்விடும், தகரத்தில் மழை பெய்வது போலக் கேட்கும். இந்த வேலை தெரிந்த எவனும் அப்படி விட்டுவைக்க மாட்டான். ஒன்று, அவருக்குக் கார்ட்ரிட்ஜைப் பற்றி ஒன்றும் தெரியாது, திருகாணி முடுக்க மட்டும் தெரியும். இல்லையென்றால் சத்தம் குறைய வேண்டும் என்றே மாட்டியிருக்கிறார். பாட்டு உரக்கக் கேட்டால் மூலை மேஜைக்கு யார் பேச்சு எட்டும்?

நேற்றுக் கடைக்குப் போன் செய்தேன். அவர்தான் எடுத்தார். "அவங்க வேலையா இருக்காங்க" என்றார். நான் யார் என்று கேட்கவே இல்லை. மறுபடி செய்தேன். "இன்னும் வேலையாத்தான் இருக்காங்க, தம்பி" என்றார். தம்பி என்று எப்படித் தெரிந்தது?

தயவுசெய்து என் செராமிக்கை மாட்டு. பாட்டுக்காக இல்லாவிட்டாலும் எனக்காக.

தம்பி


மார்ச் 3

டேய்,

உனக்குப் பொறாமை. நான் தனியாகத் தவித்துக்கொண்டு உன் மாடிக்கு வந்து விழ வேண்டும், அதுதானே உன் ஆசை? ஒரு மனிதர் உதவி செய்தால் உனக்கு ஏன் எரிகிறது?

உதவி எனக்கு இப்போது வேண்டியும் இருக்கிறது. சமையலம்மா சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். டாக்ஸிக்காரர்கள் வருவதில்லை. தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என்ன செய்தேன் இவர்களுக்கு? சலவைக்கடைக்காரி நேற்று என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தினாள். மனிதர்கள் இப்படித்தான் என்கிறார் மாடி அறைக்காரர். கடை திறப்பது, மூடுவது எல்லாம் இப்போது அவர்தான்.

இன்னொன்று. போன வாரம் மாடிப்படியில் மேல்படி வழுக்கி விழுந்துவிட்டேன். கணுக்காலுக்கு மேலே எலும்பு விட்டுவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பயப்படாதே, நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். கீழே விழுந்து நிமிர்ந்து பார்க்கிறேன், அந்தப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். படியைத் துடைத்துவிட்டுத்தான் என்னைத் தூக்க வந்தார். அவ்வளவு சுத்தக்காரர், என்ன செய்வது.

எழுதும்போது சிரிப்பாகத்தான் இருந்தது. படித்துப் பார்த்தால் அவ்வளவு சிரிப்பாக இல்லை. சரி, விடு.

அக்கா


மார்ச் 9

அக்கா,

படியைத் துடைத்துவிட்டுத் தூக்க வந்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. நான் இங்கு நலமாக இருக்கிறேன். அங்கு அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ வர வேண்டாம். வந்தாலும் என்னைப் பார்க்க முடியாது. உடல்நிலை காரணமாகக் கடையை ஒப்படைத்துவிட்டு, மாடி அறை சாருடைய சகோதரி வீட்டுக்கு ஓய்வெடுக்கப் போவதாக முடிவு செய்திருக்கிறேன். அங்கே நல்ல காற்று. சென்று சேர்ந்ததும் முகவரி எழுதுகிறேன். அதுவரை யாரும் என்னைத் தேட வேண்டாம்.

பாட்டுப்பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். நீ அனுப்பிய கார்ட்ரிட்ஜை மாட்டிவிட்டேன். நீ சொன்னபடியே தடித்த ஊசியைத் திருப்பி வைத்து, அப்பா செய்வது போலக் கையின் மேல் ஒரு காசும் வைத்திருக்கிறேன். சின்ன ரெக்கார்டுகள் எல்லாம் மிக அருமையாகப் பாடுகின்றன. இனி இதில் எந்த மாற்றமும் தேவையில்லை.

உன் மனைவிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் அன்புச் சகோதரி


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. நீ நல்ல முடிவு எடுத்திருக்கிறாய். நான் வரவில்லை, பட்டறையில் வேலை குவிந்து கிடக்கிறது.

தடித்த ஊசி, காசு இரண்டுமே சரி. அப்பா அப்படித்தான் செய்வார்.

கடையை ஒப்படைக்கப் போவதால் ஒரு யோசனை. பாட்டுப்பெட்டியை வாங்கிக்கொள்ள இங்கே ஒருவர் காத்திருக்கிறார். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை தூக்குகிற ஆட்கள் வேனோடு வருவார்கள். சொந்தக்காரர் தன் கையால் கையெழுத்துப் போடாமல் அவர்கள் எடுக்க மாட்டார்கள், அது அவர்கள் விதி. அதனால் அன்றைக்கு மட்டும் சிரமம் பாராமல் கீழே கடையில், பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திரு. வாசல் கதவு திறந்திருக்கட்டும், பெட்டி கனம்.

சாருக்கு என் வணக்கம். உன்னைப் பார்த்துக்கொள்வதற்கு நாங்கள் எல்லோரும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

உன் தம்பி


ஏப்ரல் 21

டேய்,

ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தபோது சொல்ல வாய் வரவில்லை. நீ ஊருக்குத் திரும்பிப் போனபிறகு, இங்கே சமையலம்மா வீட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னோடு வா என்று நீ கூப்பிட்டதற்கு இந்த முறை கோபம் வரவில்லை. ஆனாலும் வர மாட்டேன்.

உன் மார்ச் மாதக் கடிதம் எதுவும் என் கைக்கு வரவில்லை. சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதை அவர்தான் பிரித்தார், எனக்கு வாசித்தும் காட்டினார். அதுவரை அவர் குரல் உயர்ந்தே நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை. "தம்பி வந்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம்மா. படி இன்னும் வழுக்குது" என்றார். அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. கடைக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறையில் கட்டிலைப் போட்டு என்னைப் படுக்கவைத்திருந்தார். கதவு வெளிப்பக்கம் பூட்டு. போன் ஒயர் இல்லை. மாவுக்கட்டைப் பார்க்க வந்த டாக்டரிடம் "இப்பத்தான் தூங்குறாங்க" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. கத்தியிருக்கலாம். கத்தவில்லை. ஏன் என்று கேட்காதே. பயம் என்பது கத்த வைக்கும் என்று நினைத்திருந்தேன், அது வாயை அடைக்கிறது.

கடையை அவர் பெயருக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். கால் சரியாகட்டும் என்று நாளைக் கடத்தினேன். உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு வரியாகச் சொன்னார், எழுதினேன். கடைசியில், "பாட்டுப்பெட்டியப் பத்தி ரெண்டு வரி எழுதலன்னா அவனுக்குச் சந்தேகம் வரும். நாங்க வேற எதுவும் பேசிக்கிறதே இல்ல" என்றேன். யோசித்தார். சரி என்றார். தடித்த ஊசி என்று எழுதினேன். காசு என்று எழுதினேன். அப்பா செய்வது போல என்று நிறுத்தி நிறுத்தி எழுதினேன், கட்டுப் போட்ட காலின் வலி என்று நினைத்துக்கொண்டார். நீ சொன்னது சரிதான், அந்த ஆளுக்குக் கார்ட்ரிட்ஜைப் பற்றி எதுவும் தெரியாது. மெல்ல ஒலிக்க வைப்பது ஒன்றுதான் தெரியும்.

உன் பதிலையும் வாசித்துக் காட்டினார். பெட்டி போனால் நல்லதுதான் என்று நினைத்திருப்பார். வியாழக்கிழமை காலை என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். நீ அனுப்பிய இரண்டு பேரும் வந்தார்கள். பெரியவருக்கு என் கழுத்தளவுதான் உயரம், தோள் மட்டும் கதவகலம். பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி வேனில் வைத்தார்கள். தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

வெறும் தள்ளுவண்டியோடு திரும்பி வந்தார்கள்.

"ஏறிக்குங்கம்மா" என்றார் பெரியவர்.

"அவங்க எங்கயும் வரல" என்றார் மாடி அறைக்காரர்.

"எங்களுக்கு ரெண்டு சாமான் எடுக்கச் சொல்லியிருக்கு சார்" என்றார் பெரியவர், நாற்காலியோடு என்னைத் தூக்கியபடியே.

அவர் தடுக்கவில்லை. உள்ளே போய் என் சால்வையை எடுத்துவந்தார். மடித்து மடியில் வைத்தார். குனிந்து காதருகில், "நல்லா எழுதுறீங்கம்மா. நான்தான் கவனிக்கல" என்றார். பிறகு நான் உட்கார்ந்திருந்த இடத்தை ஒட்டிய கல்லா மேஜையைத் துடைக்கத் தொடங்கினார். வேன் திரும்பும்வரை துடைத்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் போனபோது ஆள் இல்லை. மாடி அறையில் ஒரு விரல் தடம்கூட இல்லையாம். அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த சாவிக்கொத்து ஒன்று மட்டும் கிடைத்தது. எங்கள் கட்டடத்தில் எந்தப் பூட்டுக்கும் அந்தச் சாவிகள் சேரவில்லை. எல்லாம் வீட்டு வாசல் சாவிகள் என்றார் இன்ஸ்பெக்டர். வேறு வேறு வீடுகள்.

சமையலம்மாவிடம் அந்த மனிதர், நான் அவள் மகனைத் திருடன் என்று சொல்லித் திரிவதாகச் சொல்லியிருக்கிறார். டாக்ஸிக்காரரிடம், அவர் மனைவியைப் பற்றி நான் சிரித்ததாக. சலவைக்கடைக்காரியிடம், அவள் கட்டி ஒட்டிக்கொள்ளும் என்று நான் சொன்னதாக. ஒவ்வொருவரும் மேஜையில் ரகசியமாகப் பேசியதுதான். கடைக்காரி என் காதில்தான் விழுந்திருக்கும் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். பாட்டு பாட்டாக ஒலித்திருந்தால் ஒரு வார்த்தை அந்த மூலைக்குப் போயிருக்காது.

கடையை அடுத்த வாரம் திறக்கிறேன். பெட்டி திரும்பி வந்துவிட்டது, உன் செராமிக்கை மாட்டியாகிவிட்டது. மெல்லிய ஊசி. தெருமுனை வரை கேட்கிறது.

அக்கா


மே 30

அக்கா,

இதை எழுதலாமா என்று நேற்று முழுவதும் யோசித்தேன். மறைத்தால் பின்னால் என்னைச் சும்மா விடமாட்டாய்.

இரண்டு நாள் முன்பு பட்டறைக்கு ஒரு கடிதம் வந்தது. உன் ஊரில் இருந்து ரயிலில் அரை நாள் தூரம், பஸ் நிலையத்துக்கு எதிரே சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிற பெண். அவள் கடைப் பாட்டுப்பெட்டியின் உட்பக்கம் நம் பட்டறை முத்திரை ஒட்டியிருந்ததாம், அதைப் பார்த்து எழுதியிருக்கிறாள். முகவரியைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் வார்த்தையிலேயே தருகிறேன்:

"கணவர் காலமான பிறகு நான் ஒருத்திதான் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். பின்னறையில் குடியிருப்பவர் உதவி மனப்பான்மையோடு கார்ட்ரிட்ஜை மாற்றிக் கொடுத்தார். அதில் இருந்து சத்தம் மிகவும் குறைந்துவிட்டது. இதுதான் சரி என்கிறார். வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர் மனம் புண்படக் கூடாது. மிகவும் நல்லவர், ரெக்கார்டைக்கூடத் துடைக்காமல் போட மாட்டார். அவருக்குத் தெரியாமல் கேட்கிறேன், எந்தக் கார்ட்ரிட்ஜ் வாங்கினால் பழையபடி கேட்கும்?"

இந்த வகைப் பெட்டிகளுக்கு உதிரிபாகம் விற்பவர்கள் நாங்கள் இரண்டு மூன்று பேர்தான். அதனால்தான் கடிதம் என்னிடம் வந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அந்த ஊர் போலீஸுக்குப் போன் செய்தேன். "துடைக்கிறது குத்தமா சார்?" என்று கேட்டார்கள். உங்கள் ஊர் இன்ஸ்பெக்டர் விடுப்பில் இருக்கிறார். சொல்லிவைக்கிறோம் என்றார்கள்.

அவளுக்குப் பதில் எழுதத் தாளை எடுத்தேன். என்ன எழுதினாலும் அதை முதலில் பிரிப்பது யார் என்று நினைத்ததும் பேனா நின்றுவிட்டது. என்ன செய்யட்டும்?

தம்பி


ஜூன் 3

டேய்,

எதுவும் எழுதாதே. எதுவும் அனுப்பாதே. அவள் முகவரி உன் கடிதத்திலேயே இருக்கிறது, அது போதும்.

தூக்குகிற பெரியவரிடம் பேசிவிட்டேன். நாளைக் காலை வேனை எடுக்கிறார். சமையலம்மாவும் வருகிறேன் என்று நிற்கிறாள், டாக்ஸிக்காரர் இரண்டு பேரும் பின்னால் வருகிறார்கள். இன்ஸ்பெக்டர் விடுப்பில் இருந்தால் என்ன, அவர் வீடு போகிற வழியில்தான் இருக்கிறது. வாசலில் நின்று கூப்பிடப் போகிறேன். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நாங்கள் போகிறோம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அங்கே எது நடக்க வேண்டுமோ அது நடந்து முடிந்திருக்கும். பயமாக இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. அந்த ஆள் என்னைப் பார்த்ததும் என்ன செய்வார் என்று தெரியவில்லை. ஒன்றுமே செய்யாமல் கைக்குட்டையை எடுப்பாரோ என்பதுதான் அதிக பயம்.

அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். என்ன சொன்னாலும் நம்ப மாட்டாள். நீ சொன்னபோது நான் நம்பினேனா? அதனால் பேசப் போவதில்லை. அவள் கடைக்குள் போய், அவள் எதிரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, என் காலைக் காட்டப் போகிறேன்.

அக்கா